நுண்பாசிக் குளம் நலிவுறும்போது: அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் முறை

கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் அதே வேளையில் கரியமில வாயுவைப் பிடிக்கவும் அமைக்கப்படும் நுண்பாசிக் குளத்தில் கோளாறு ஏற்பட்டால், பராமரிப்பவர் முதலில் கவனிப்பது பெரும்பாலும் நிறமாற்றத்தைத்தான். ஆனால் நிறம் மாறுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவிலும் கரைந்த ஆக்சிஜன் அளவிலும் மாற்றம் தொடங்கியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், கீழே விவரிக்கும் கோளாறுகளில் பலவற்றைக் குளம் பச்சையாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

எல்லாக் கணக்குகளையும் ஒரே குளத்தை வைத்துச் சொல்வது எளிது. பரப்பு 1000 சதுர மீட்டர், ஆழம் 30 செ.மீ., துடுப்புச் சக்கரத்தால் நீர் சுற்றிவரும் நீள்வட்ட வடிவம், முதல்நிலைப் படிவுத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 50 கன மீட்டர் வீட்டுக் கழிவுநீர் வரத்து என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் கொள்ளளவு 300 கன மீட்டர் என்பதால் நீர் சராசரியாக 6 நாட்கள் தங்குகிறது. இந்த வடிவத்தின் அடிப்படையைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களில் வகுத்தார்; நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒவ்வொன்றும் 1.25 ஹெக்டேர் பரப்புள்ள நான்கு குளங்களில் இதே வடிவத்தைப் பெரிய அளவில் இயக்கிப் பார்த்திருக்கிறார்கள். இதில் நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல்: பாசி வெளிவிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கின்றன, அவை வெளிவிடும் கரியமில வாயுவையும் கழிவுநீரில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் பாசி எடுத்துக்கொள்கிறது.

எதையும் திருத்துவதற்கு முன்

நாளுக்கு இரண்டு முறை, சூரியன் உதிக்கும் முன்பும் பிற்பகல் இரண்டரை மணி அளவிலும், பி.எச்., கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நலமாக உள்ள குளத்தில் விடியலில் பி.எச். 7.5க்கு அருகிலும் ஆக்சிஜன் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமிலும் இருக்கும். பிற்பகலில் ஆக்சிஜன் 15ஐயும் தாண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் காற்றோடு சமநிலையில் தாங்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான் என்பதால், 15 என்பது அதைப்போல இரு மடங்கு. விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையிலான இந்த ஏற்ற இறக்கமே குளத்தின் நாடி. ஏற்ற இறக்கம் சுருங்கினால் பாசி வேலை செய்யவில்லை, பி.எச். மட்டும் அளவுக்கு மீறி ஏறினால் பாசி வேலை செய்கிறது, அதற்குக் கார்பன் போதவில்லை.

அளவீடு பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். குளத்தில் மூழ்கியிருக்கும் பி.எச். மீட்டரின் முனையில் ஒரே வாரத்தில் வழுவழுப்பான படலம் படிந்துவிடும். அந்தப் படலத்தில் வாழும் பாசியின் பி.எச்.ஐத்தான் பிறகு மீட்டர் காட்டிக்கொண்டிருக்கும். வாரம் இருமுறை முனையைத் துடைத்து, 7, 10 ஆகிய இரு நிலைக் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். வழக்கப்படி 4, 7 கரைசல்களில் மட்டும் சரிபார்ப்பவர்கள், தாங்கள் அன்றாடம் அளக்கும் எல்லைக்கு வெளியே உள்ள ஒன்றைச் சரிபார்க்கிறார்கள். குளமே கெட்டுவிட்டது என்று எண்ணித் தொடங்கிய தேடல், மீட்டரைத் துடைத்ததோடு முடிந்துபோன நாட்கள் எனக்கு உண்டு.

அறிகுறி: பிற்பகலில் பி.எச். 9ஐத் தாண்டுகிறது

இது கார்பன் பற்றாக்குறையின் நேரடி அடையாளம். மேலே சொன்ன குளம் நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் உலர் பாசி தருவதாகக் கொள்வோம். மொத்தம் 20 கிலோ. பாசியின் உலர் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன் என்பதால், ஒரு கிலோ பாசிக்குச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். ஆக நாளொன்றின் தேவை 36 கிலோ. கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 150 மில்லிகிராமாக இருந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களிடமிருந்து அதிகபட்சம் 10 கிலோ கிடைக்கும். நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து ஐந்தாறு கிலோ கிடைக்கலாம். எஞ்சிய 20 கிலோவை வாயு உருளையிலிருந்தோ கொதிகலன் புகையிலிருந்தோ நாம் கொடுக்காவிட்டால், பாசி பைகார்பனேட்டைத் தொடர்ந்து உறிஞ்ச, பி.எச். ஏறிக்கொண்டே போகும்.

ஏறினால் என்ன என்று கேட்கலாம். கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக இருக்கிறது, அது தீங்கற்றது. பி.எச். உயர உயர அது கரைந்த அம்மோனியா வாயுவாக மாறுகிறது. இது பாசியின் ஒளிச்சேர்க்கையையே முடக்கும் நஞ்சு. 25 டிகிரியில் பி.எச். 8ஆக இருக்கும்போது இருபதில் ஒரு பங்கு மட்டுமே அம்மோனியாவாக இருக்கும், 9ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 9.25ல் சரிபாதி. தண்ணீர் சூடேறினால் இந்தப் பங்கு மேலும் கூடும் என்பதால், கோடைப் பிற்பகலில் இரண்டு தீமைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை: பி.எச். ஏறியதும் தானாகத் திறந்து கரியமில வாயுவை விடும் வால்வின் எல்லையை 8க்கு அருகில் அமைத்து, அது உண்மையில் திறக்கிறதா என்று நேரில் நின்று பார்க்க வேண்டும். திறந்தும் பி.எச். இறங்காவிட்டால் அடுத்த அறிகுறிக்குச் செல்லவும். வாயு வசதி தற்காலிகமாக இல்லாவிட்டால், வரத்துக் கழிவுநீரைப் பகல் முழுவதும் பரப்பி விடுவது கைகொடுக்கும். காலையில் ஒரே தவணையாக விட்டால் அம்மோனியா உச்சமும் பி.எச். உச்சமும் நெருங்கி வரும்.

அறிகுறி: வாயு ஓடுகிறது, ஆனால் பி.எச். இறங்கவில்லை

குளத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். குமிழிகள் பெரியவையாக வந்து மேலே உடைகின்றன என்றால், வாயு நீரில் கரையாமல் காற்றுக்குப் போகிறது. 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குமிழி நீரில் தங்குவது ஓரிரு நொடிகள்தான். இதற்காகவே குளத்தின் ஓரிடத்தில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சம்ப் என்னும் குழி ஒன்று வெட்டி, அதன் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி, நீர் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் நுண்துளைக் குழாய் வழியாக வாயுவை விடுகிறார்கள்; எதிரோட்டத்தில் குமிழி மெல்ல ஏறுவதால் கரைவதற்கு நேரம் கிடைக்கிறது. சம்ப் இருந்தும் பயனில்லை என்றால், அதன் அடியில் சேறு நிரம்பி ஆழம் குறைந்திருக்கலாம், அல்லது நுண்துளைகள் சுண்ணாம்புப் படிவாலும் பாசியாலும் அடைபட்டு, கிழிந்த ஓரிடம் வழியாக மட்டும் வாயு வெளியேறிக்கொண்டிருக்கலாம். குழாயை வெளியே எடுத்து நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதிக வாயு கொடுத்தால் பாசி அதிகம் வளரும் என்று பி.எச். எல்லையை 7க்கு இறக்கிவிடுகிறார்கள். காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கி பி.எச். சரியாமல் காக்கும் திறன்) கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள நீரில், பி.எச். 8ஆக இருக்கும்போது தனி நிலையில் கரைந்திருக்கும் கரியமில வாயு சுமார் 4 மில்லிகிராம், பி.எச். 7ல் அது ஏறக்குறைய 40. காற்றோடு சமநிலையில் நீர் தாங்கும் அளவோ அரை மில்லிகிராமை ஒட்டியதுதான். எல்லையை ஒரு புள்ளி இறக்கியதால், குளம் வாயுவை வெளியே தள்ளும் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கியிருக்கிறோம். துடுப்புச் சக்கரம் சுழலும்போதெல்லாம் அது பறந்துபோகிறது.

அறிகுறி: பி.எச். இறங்கிய இடத்திலேயே நிற்கிறது, பகலிலும் ஏறவில்லை

கொதிகலன் புகையை நேரடியாகச் செலுத்தும் இடங்களில் கந்தக டை ஆக்சைடை முதலில் சந்தேகிக்க வேண்டும். கரியமில வாயுவால் இறங்கிய பி.எச்.ஐப் பாசி பகலில் ஏற்றிவிடும். கந்தக அமிலத்தால் இறங்கியதை அதனால் மீட்க முடியாது, ஏனெனில் அங்கே காரத்தன்மையே தின்னப்பட்டிருக்கிறது. வேறுபடுத்தி அறிய எளிய வழி, குளத்து நீரை ஒரு வாளியில் எடுத்து, மீன்தொட்டிக் காற்றுக்குழாயால் ஒரு மணி நேரம் காற்றூட்டுவதுதான். கரியமில வாயுவே காரணம் என்றால் அது வெளியேறி பி.எச். 8க்கு மேல் வந்துவிடும். வராவிட்டால் காரத்தன்மையை அளந்து பார்த்து, புகையைச் சுண்ணாம்பு நீரால் கழுவிவிட்ட பின்னரே குளத்துக்குள் விட வேண்டும். நைட்ரிக் ஆக்சைடு பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். நீரில் மிகக் குறைவாகவே கரையும் அது, கந்தகத்தைப் போலத் தொல்லை தருவதில்லை.

அறிகுறி: பச்சை வெளிறுகிறது, அல்லது இரண்டு நாளில் பழுப்பாகித் தெளிகிறது

எல்லாக் கோளாறுகளிலும் அவசரமானது இதுதான். அவசரத்தில் தவறாக மருந்திடப்படுவதும் இதுதான். மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டும்.

முதலாவது, மேய்ச்சல். ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்களும், மீன்குஞ்சு வளர்ப்போர் நன்கறிந்த மொய்னா, டாப்னியா ஆகிய தண்ணீர்ப் பூச்சிகளும் பாசியை வடிகட்டித் தின்பவை. வெதுவெதுப்பான நீரில் ரோட்டிஃபர் ஓரிரு நாட்களில் இரட்டிப்பதால், திங்கட்கிழமை சில பத்துகளாக இருந்தது வெள்ளிக்கிழமைக்குள் குளத்தைக் காலி செய்யும் படையாகிவிடும். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மொய்னா துள்ளுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். ரோட்டிஃபருக்கு நுண்ணோக்கி வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்ற எண்ணிக்கையை வாரம் இருமுறை எழுதிவைப்பவர் இந்த அறிகுறியைப் பெரும்பாலும் காண்பதே இல்லை.

மொய்னாவையும் டாப்னியாவையும் நுண்வலையால் அரித்து எடுக்கலாம். குஞ்சுகள் தப்பிவிடும் என்பதால் தொடர்ந்து சில நாட்கள் செய்ய வேண்டும். இரவில் வாயுவைக் கூடுதலாக விட்டு பி.எச்.ஐ 6.5க்குக் கீழே சில மணி நேரம் வைத்திருந்தால், கரைந்த கரியமில வாயுவின் மிகுதியால் அவை மூச்சுத் திணறும். அந்நேரம் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதில்லை என்பதால் அதற்கு இழப்பு குறைவு. வாயு வீணாவது உண்மைதான், ஆனால் குளம் முழுவதும் போவதைவிட அது மலிவு. ரோட்டிஃபருக்கு எதிராக, முதல் அறிகுறியில் எதிரியாகப் பார்த்த அம்மோனியாவையே துணைக்கு அழைக்கலாம்: நண்பகலில் வாயுவை நிறுத்தி, பி.எச்.ஐ 9க்கு மேல் சில மணி நேரம் ஏறவிட்டால், பாசியைவிட ரோட்டிஃபர் முதலில் தளரும். குளத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனிய நைட்ரஜன் மிச்சம் இருந்தால்தான் இது பலிக்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீட்டினால் பாசியும் சேர்ந்து சாயும். பூச்சிக்கொல்லி என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நீர் நாளை வயலுக்கோ ஏரிக்கோ போகப்போகிறது.

இரண்டாவது காரணம், அலசிப்போதல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் நான்கு நாட்கள் மூடியிருந்தால் பாசியின் வளர்ச்சி பாதியாகிறது. அதே நேரம் மழைநீர் கலந்து வரத்தும் கூடுகிறது. வளர்வதைவிட வேகமாகப் பாசி வெளியேறுவதால் நிறம் மெல்ல வெளிறுமே தவிர, பழுப்பாகாது. நுண்ணோக்கியில் மேய்பவை தென்படாது. வரத்தைப் பாதியாகக் குறைத்து, குளத்திலிருந்து வெளியேறும் நீரின் பாசி படியும் தொட்டியின் அடியில் சேர்ந்த பாசியில் ஒரு பங்கைக் குளத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

மூன்றாவது, நஞ்சு அல்லது நிழல். பாசி செல்கள் வெளிறிச் சுருங்கி, மேய்பவையும் சேர்ந்து செத்திருந்தால் வரத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். சாயக் கழிவு கலந்தால் நஞ்சு இல்லாமலேயே கெடும்; நீர் நிறமேறி ஒளியை மேலேயே விழுங்கிவிடும். ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பொருளைப் பிரிக்கும் ஆலையின் அமிலத்தன்மை மிகுந்த கழிவுநீரையே பாசியைக் கொண்டு சீர்செய்த முன்னுதாரணம் நம்மிடம் உண்டு என்பதால், தொழிற்சாலைக் கழிவு என்றாலே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நீருக்கென்று பழக்கிய பாசியும், அளந்து கலக்கும் ஒழுங்கும் அதற்கு வேண்டும். இரவில் யாரோ ஒரு டாங்கரைத் திறந்துவிடுவது வேறு. வரத்து நீரில் ஒரு லிட்டரும் நலமான குளத்து நீரில் ஒரு லிட்டரும் கலந்து வெயிலில் வைத்து, தூய நீர் கலந்த மற்றொரு குடுவையோடு மாலையில் ஆக்சிஜனை ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: விடியலில் நாற்றம்

விடியலில் ஆக்சிஜன் பூஜ்யமாகி, அழுகிய முட்டை வாடை வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இரவில் துடுப்புச் சக்கரம் ஓடியதா? மின்கட்டணத்தை எண்ணி இரவில் நிறுத்துபவர்கள், அடியில் படிந்த பாசி அழுகத் தொடங்குவதற்கு வழிசெய்கிறார்கள். ஓடியது என்றால் வேகத்தை அளக்க வேண்டும். ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு 3 மீட்டர் தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். 15 நொடி என்றால் நொடிக்கு 20 செ.மீ., நல்ல வேகம். 30 நொடிக்கு மேல் என்றால் படிவு நிச்சயம். நேர்ப்பகுதியில் வேகம் சரியாக இருந்தும் வாடை வந்தால், வளைவுகளின் உட்புறம் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நீர் சுழன்று தேங்கும் அந்த மூலைகளில்தான் கருஞ்சேறு சேரும், சிவந்த இரத்தப்புழுக்களும் குடியேறும். வளைந்த திசைகாட்டித் தகடுகளை வளைவில் நிறுத்துவது நிரந்தரத் தீர்வு.

சேறும் இல்லை என்றால் சுமை மிகுதி. இவ்வகைக் குளங்களுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிலோ பி.ஓ.டி. வரை என்பது வழக்கமான வடிவமைப்பு அளவு. நம் எடுத்துக்காட்டுக் குளத்தின் சுமை ஹெக்டேருக்கு 75 கிலோதான்.

அறிகுறி: குளம் நலம், வெளியேறும் நீரில் மட்டும் பி.ஓ.டி. குறையவில்லை

வடிகட்டிய மாதிரியையும் வடிகட்டாத மாதிரியையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வடிகட்டியதில் குறைவாகவும் வடிகட்டாததில் அதிகமாகவும் இருந்தால், கழிவு சுத்தமாகிவிட்டது. நீரோடு வெளியேறும் பாசியே இப்போது கழிவாகக் கணக்கில் வருகிறது. சில மைக்ரான் அளவே உள்ள குளோரெல்லா போன்ற தனிச்செல் பாசிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் எளிதில் படிவதில்லை. ஒரு லிட்டர் அளவுருளையில் நிரப்பி அரை மணி நேரம் வைத்தால், மேல்நீர் தெளிகிறதா என்பது தெரியும்.

சீனக்காரம் போட்டால் அன்றைக்கே தெளிந்துவிடும். ஆனால் அந்தப் பாசியில் அலுமினியம் ஏறிவிடுவதால், உரமாகவோ தீவனமாகவோ அதன் மதிப்புக் குறையும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, படிந்த பாசியில் ஒரு சிறு பங்கை நாள்தோறும் குளத்துக்குத் திருப்பிவிடும் முறை. எளிதில் படியும் கூட்டுச்செல் வகைகளுக்கு நாம் மீண்டும் மீண்டும் இடம் கொடுப்பதால், சில வாரங்களில் பீடியாஸ்ட்ரம் போன்றவை ஓங்குகின்றன. நியூசிலாந்து ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

அறிகுறி: அம்மோனியா போய்விட்டது, மொத்த நைட்ரஜன் அப்படியே இருக்கிறது

பாசி உண்ணவில்லை, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டன. வாயு கொடுத்து பி.எச்.ஐ 7.5 முதல் 8 வரை வைத்திருப்பது பாசிக்கு மட்டுமல்லாமல் அவற்றுக்கும் உகந்தது. பாசியைத் திருப்பிவிடும்போது அவையும் சேர்ந்தே திரும்பி வருகின்றன. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாகும்போது 7 கிராமுக்கும் மேல் காரத்தன்மை செலவாவதால், காரத்தன்மை சரிவதே இதற்கான சாட்சி. நீர் பாசனத்துக்குப் போவதானால் இதைக் குறையாகவே கருத வேண்டியதில்லை. மற்ற இடங்களில் திருப்பிவிடும் அளவைக் குறைத்து, சுவர்களில் படிந்த படலத்தைச் சுரண்டி அகற்ற வேண்டும்.

பாஸ்பரஸ் குறையாததற்கும் வாயுவே மறைமுகக் காரணமாக இருக்கலாம். வாயு இல்லாத நாட்களில் பி.எச். 9க்கு மேல் ஏறியபோது கால்சியத்தோடு சேர்ந்து படிந்த பாஸ்பேட், இப்போது கரைந்தே நிற்கிறது. குளத்தில் பி.எச்.ஐ ஏற்றாமல், படிவுத் தொட்டியில் சுண்ணாம்பு இட்டு அதைப் பிடிப்பதே நல்லது.

அறிகுறி: கார்பன் கணக்கு பொருந்தவில்லை

20 கிலோ பாசிக்கு 36 கிலோ வாயு என்பது மேல் எல்லை. அதில் ஒரு பகுதி கழிவிலிருந்தே வந்தது என்பதால், உருளையிலிருந்து செலவான வாயு முழுவதையும் பிடித்ததாக எழுதுவது தவறு. பாசியைச் சாண எரிவாயுக் கலனில் இட்டால் அந்தக் கார்பன் மீண்டும் வாயுவாகிவிடும். அப்போது குளத்தின் பயன், அந்த எரிவாயு எவ்வளவு டீசலையோ விறகையோ மிச்சப்படுத்தியது என்பதே. மிகப்பெரிய கனவுகளோடு வருபவர்களுக்கு ஒரு கணக்கு: நிலக்கரியில் இயங்கும் 500 மெகாவாட் அலகு ஒன்று நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடும், ஒரு ஹெக்டேர் குளம் பிடிப்பது 360 கிலோ. அந்த ஓர் அலகுக்கு ஏறத்தாழ 28,000 ஹெக்டேர் குளம் வெட்ட வேண்டியிருக்கும். கழிவுநீருக்காக எப்படியும் வெட்டப்போகும் குளத்தில் கரியமில வாயுவையும் பிடிப்பது என்பதே பொருந்திவரும் கணக்கு.

செலவான வாயு, கணக்கிட்ட பற்றாக்குறையைப்போல இரு மடங்குக்கு மேல் போனால், இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை குளத்தருகே சென்று சம்ப்பில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பாசி இரவில் வாயுவை வெளிவிடுவதால் வால்வு திறக்கவே காரணமில்லை. அப்படியும் குமிழி வந்தால் வால்வின் உள்ளே துரும்பு சிக்கி முழுவதும் மூடாமல் இருக்கிறது, அல்லது அழுக்கேறிய பி.எச். மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டி அதைத் திறக்க வைக்கிறது. முதலில் மீட்டரைத் துடையுங்கள்; வால்வைக் கழற்றுவது அதற்குப் பிறகு.